நாலு டிகிரி சாய்வு

டெல்லி துவாரகாவில் அகல்யா குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டியில் காலையில் குழுவாக ஓடுகிறவர்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் ஷூவுக்குள் இன்சோல் வைத்துத்தான் ஓடினார்கள். கடையில் தொங்குகிற சாதாரண ரப்பர் அட்டை இல்லை. தெற்கு டெல்லியில் ஒரு கிளினிக்கில் பாதத்தைக் கம்ப்யூட்டரில் அளந்து, அவரவர் காலுக்கென்றே செய்து தருவது. அந்த வியாதியைக் குழுவுக்குள் கொண்டுவந்தவர் வெங்கட்ராமன். விமானக் கம்பெனி ஒன்றில் மேனேஜர். நாற்பத்தாறு வயதில் ஓட ஆரம்பித்தவர், ஓடுகிற நேரத்தைவிட ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிற நேரம் அதிகம். பார்க் வாசலில் ஷூவைக் கழற்றி, இன்சோலை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நகை காட்டுகிற மாதிரி எல்லோருக்கும் காட்டுவார்.

ஒன்பதாவது ஆளான அகல்யாவுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அவள் எண்ணெய்க் கம்பெனி லேபில் தரப் பரிசோதனை செய்கிறவள். ஒரு சாம்பிளை மூன்று தடவை சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. "போடறதுக்கு முன்னாடி என்ன வலி, போட்டப்புறம் என்ன வலின்னு யாராவது எழுதி வெச்சிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள். எட்டுப் பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அது இரண்டாயிரத்து ஏழு. அக்டோபர் கடைசியில் டெல்லியில் அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர். ஒன்பது பேரும் பெயர் கொடுத்திருந்தார்கள். ஆகஸ்டில் அகல்யாவுக்குக் குதிகால் வலி வந்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் ஆணி ஏறுகிற மாதிரி இருக்கும். "நாப்பத்திமூணு வயசுல உன்னை யாரு ஓடச் சொன்னா?" என்றான் கணவன் சுரேஷ்குமார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கிளினிக்குக்குக் கிளப்பியது. வெங்கட்ராமனின் மனைவி ருக்குவும் கூட வந்தாள். குழுவில் சேராமல் தனியாக ஓடுகிறவள், அரை மாரத்தானுக்கு அவளும் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்கு முழங்கால் வலி. வீட்டுக்காரர் மூன்று மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார்.

கிளினிக்கில் வெள்ளைக் கோட்டும் ஓட்ட ஷூவுமாக ஓர் இளம் டாக்டர் இருந்தார். இருவரையும் கறுப்புப் பாய் ஒன்றின்மேல் நடக்க வைத்தார். கம்ப்யூட்டர் திரையில் பாதங்கள் சிவப்பும் மஞ்சளுமாக, வானிலை அறிக்கையில் காட்டுகிற புயல் மாதிரி வந்தன. அகல்யாவின் பாதம் நாலு டிகிரி உள்பக்கம் சாய்கிறது என்றார். ருக்குவுடையது வெளிப்பக்கம். "ரெண்டு பேர் பாதமும் நேர் எதிர்" என்று சொல்லி, தானே அதை ஏற்பாடு செய்த மாதிரிச் சிரித்தார். இன்சோல் வரும்வரை இரண்டு வாரம் ஓடக் கூடாது, கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சி தினமும் செய்ய வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்தார். சரியாகப் போட்டால் குணமாகும் என்று முன்பக்கத்திலும், ஒரு எச்சரிக்கை பின்பக்கத்திலும் அச்சடித்திருந்தது: ஒருவருக்குச் செய்த இன்சோலை இன்னொருவர் போட்டால் காயம் ஏற்படும்.

இரண்டு வாரம் கழித்து, ஆபீஸிலிருந்து வரும் வழியில் வெங்கட்ராமனே இரண்டு பெட்டிகளையும் வாங்கி வந்தார். அகல்யா போட்டாள். வலி குறைந்தது. செப்டம்பர் முடிவதற்குள் சுத்தமாகப் போய்விட்டது. அவளுக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. லேபில் கூட வேலை பார்க்கிற சுஜாதா முதுகு வலி என்றபோது, "நீயும் வேணா ஒருதரம் காலை அளந்து பாரு" என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் இன்சோல்களைக் கழுவ எடுத்தவள், அடியில் குதிகால் பக்கம் ஒட்டியிருந்த சின்ன லேபிளைப் பார்த்தாள். ருக்மிணி வெங்கட்ராமன் என்று இருந்தது. மற்றதிலும் அதே பெயர்.

ஈரக் கையோடு மூன்றாவது மாடியில் ருக்கு வீட்டுக்கு ஏறினாள். ருக்கு தன் ஷூவிலிருந்து இன்சோலை உருவித் திருப்பினாள். அதில் அகல்யா என்று இருந்தது. இருவருக்கும் ஷூ சைஸ் ஆறு. பெட்டி மாறியது யாருக்கும் தெரியவில்லை.

"அடக் கடவுளே" என்று ருக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சனிக்கிழமை கிளினிக் போலாம், ருக்கு. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்."

"எதுக்கு? எனக்குத்தான் முட்டி வலி போயிடுத்தே. நன்னாப் பழகிடுத்து. நான் இதை மாத்திக்கப் போறதில்லை."

அகல்யா தனியாகப் போனாள். டாக்டர் லேபிளை இரண்டு தடவை படித்தார். பிறகு, உடம்பு எதற்கும் பழகிக்கொள்ளும் மேடம் என்றார்.

"நேர் எதிர்னு சொன்னீங்களே?"

"அது அளவு. அளவு சரிதான்."

"மாத்திப் போட்டா காயம் வரும்னு நீங்கதான் அச்சடிச்சிருக்கீங்க."

"எல்லாருக்கும் வராது."

"சரியாப் போட்டா குணமாகும்னும் அச்சடிச்சிருக்கீங்க. அது எல்லாருக்கும் வருமா?"

வெளியே இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வலி இருக்கறவங்கள்ல சில பேருக்கு உதவுது. யாருக்குன்னு முன்னாடியே சொல்ல எங்களால முடியாது. உங்களுக்கு ரெஸ்ட்டும் எக்ஸர்சைஸுமே போதுமா இருந்திருக்கலாம்" என்றார் தணிந்த குரலில். அந்தக் கட்டடத்தில் அவள் கேட்ட ஒரே உண்மை அதுதான். கதவைத் திறந்ததும் பழைய குரலிலேயே, மறுபடி இலவசமாக அளந்து தருகிறேன் என்றார்.

மறுநாள் பார்க்கில் எல்லோரையும் நிறுத்தி வைத்து நடந்ததைச் சொன்னாள். வெங்கட்ராமன் கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "மாறிப் போயும் ரெண்டு பேருக்கும் குணமாயிடுத்துன்னா, அது எவ்வளவு நல்ல இன்சோல்னு பாருங்கோ" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். சாம்பிள் கெட்டுப்போனால் தூக்கிக் கொட்டலாம். இவர்களை எங்கே கொட்டுவது?

அதன்பின் அவள் பேயாய் அலைந்தாள். இன்சோலைக் கழற்றி பால்கனியில் போட்டாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் பிரிண்ட் எடுத்து எட்டு வீட்டுக் கதவிலும் செருகினாள். சிலது உதவும் என்றது, சிலது இல்லை என்றது, காலுக்கென்று அளந்து செய்ததற்கும் கடையில் வாங்கியதற்கும் பெரிய வித்தியாசமில்லை என்றது ஒன்று. அதை மட்டும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டாள். யாரும் படிக்கவில்லை. இதற்கே பொழுது சரியாக இருந்ததால் ஓட்டம் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது. ருக்கு மட்டும் தினமும் ஐந்தரை மணிக்கு, யாரோடும் பேசாமல், கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.

அரை மாரத்தானன்று அகல்யா வெறும் ஷூவோடு ஓடினாள். குதிகால் வலிக்கவே இல்லை. அந்தச் சந்தோஷம் பதிமூன்றாவது கிலோமீட்டர் வரை இருந்தது. அங்கே அவள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. பின்னாலிருந்து ருக்கு வந்தாள். "வாங்கோ, வாங்கோ" என்று சொல்லிக்கொண்டே தாண்டிப் போனாள்.

முடிவுக் கோட்டில் ருக்கு அவளுக்குப் பதினோரு நிமிஷம் முன்னால் வந்து சேர்ந்து, புல்லில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாம் உங்க இன்சோல் பண்ற வேலை, அகல்யா."

இன்சோல் இல்லை, தினமும் ஓடின ஐந்தரை மணி ஓட்டம் என்று சொல்ல அகல்யா வாயெடுத்தாள். அதைச் சொன்னால், தான் எத்தனை நாள் ஓடினோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். சிவப்பு மை பேனாவோடு உட்கார்ந்திருந்த காலை நேரங்களை நினைத்தபோது தன்மீதே வெறுப்பாக இருந்தது.

அரை மணி கழித்து வெங்கட்ராமன் நொண்டிக்கொண்டு வந்தார். கெண்டைக்கால் பிடித்துவிட்டதாம். "பழசாயிடுத்து. இந்த மாசமே வேற இன்சோல் பண்ணிக்கணும்" என்றார்.

"என் பால்கனியில ஒரு ஜோடி சும்மா கிடக்கு, சார்" என்றாள் அகல்யா. "உங்க வீட்டுக்காரங்க காலுக்குச் செஞ்சது. வேணும்னா எடுத்துக்கோங்க."

வெங்கட்ராமன் நின்று யோசித்தார். "அது சைஸ் ஆறாச்சே" என்றார், நிஜமான வருத்தத்தோடு. "எனக்கு ஒன்பது."