மூன்றாவது டிக்

ஆபீசில் அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். வேலையில் சேர்ந்த நாளிலேயே கோட்டு சூட்டோடு வந்து நின்றவன். அவன் எழுதும் புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பது என் வேலை. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் செய்த படிவத்தை மட்டும், சின்ன வேலைதானே என்று என் கண்ணில் காட்டாமலே வெளியே விட்டுவிட்டான். பெரிய இவன்!

என் அண்ணி அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். அடுத்த மாதம் எந்த வார்டில் வேலை என்று அந்தப் படிவத்தில் டிக் செய்ய வேண்டும். இரண்டுக்கு மேல் கூடாது. போன வாரம் அண்ணி கைதவறி மூன்று டிக் போட்டிருக்கிறாள். அதுவும் பேசாமல் வாங்கிக்கொண்டது.

இன்று காலை போன் செய்தாள். "தொற்றுநோய் வார்டுக்குப் போட்ட டிக்கை எடுத்துடணும்மா. எடுத்தாலும், மூணு இருக்கு, கூடாதுங்குது. மத்தியானம் படிவத்தைப் பூட்டிடுவாங்க."

"ஹெட் நர்ஸ்கிட்ட சொல்லுங்க அண்ணி."

"ஏன்னு கேப்பாங்களே." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ரெண்டு மாசம் ஆகுது. யாருக்கும் தெரியாது. உங்க அண்ணனுக்கும்தான்."

ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருக்கிறது.

நேரே மாப்பிள்ளையின் மேஜைக்குப் போய், மூன்று டிக் உள்ளே போன கதையைச் சொன்னேன்.

"ரூல் போட்டிருக்கேனே! சேவ் ஆகறதுக்கு முன்னாடி எண்ணிப் பாக்குது."

"எதை எண்ணுது?"

"டேட்டாபேஸ்ல அவங்க பேருக்கு எத்தனை வார்டு…" சொல்லிக்கொண்டே திரையில் அந்த வரியைத் தேடினான்.

நர்சின் விவரம் சேவ் ஆன பிறகுதான் வார்டு டிக்குகள் தனி அட்டவணையில் போய் உட்காரும். எண்ணும்போது புது டிக்குகள் அங்கே இல்லை. பழையதுதான் இருக்கும். முதல் தடவை அட்டவணை காலி, அதனால் மூன்றும் உள்ளே போய்விட்டன. இப்போது இரண்டு கொடுத்தாலும் பழைய மூன்றை எண்ணிவிட்டுக் கதவைச் சாத்துகிறது.

"அடப்பாவி! தப்பு பண்ண விடுது, திருத்த விட மாட்டேங்குதே!"

"வியாழக்கிழமை அப்டேட்ல போட்டுடறேன். அப்படி என்ன தலைபோற அவசரம்?"

"சொல்ல மாட்டேன். இப்பவே மாத்து."

முறைத்துக்கொண்டே மாற்றினான். டேட்டாபேஸைப் பார்க்காமல், படிவத்தில் அப்போது வந்த டிக்குகளையே எண்ணும்படி செய்தான். நான் மூன்று போட்டுப் பார்த்தேன், தடுத்தது. மூன்று இருந்த நர்சுக்கு இரண்டாகக் குறைத்தேன், விட்டது. அவசர அவசரமாக மேலதிகாரியிடம் ஒப்புதல் வாங்கி வெளியே விட்டோம். பூட்டுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

போன் அடித்தது.

"எடுத்துக்கிச்சும்மா," என்றாள் அண்ணி. சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

"இனியாவது அண்ணன்கிட்ட சொல்லுங்களேன்."

"போன தடவை சொன்ன அன்னிக்கே தொட்டில் வாங்கிட்டு வந்துட்டார். அதைக் கடையில திருப்பிக் குடுக்கப் போனவ நான்தானே."

"சரி அண்ணி, நான் வாயைத் திறக்க மாட்டேன்," என்றேன்.