எருமை குடித்த விளக்கெண்ணெய்

எருமைக்கு ஸ்டியரிங் ஒழுகியது. கல்யாணத்துக்கு முதல் நாள் பார்த்துத்தானா ஒழுக வேண்டும் என்று அதன் அடியில் மல்லாந்து படுத்தபடி மாயாண்டி கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணம் வேறு யாருக்கும் இல்லை, அவனுக்குத்தான்.

எருமை என்பது மலாய் நாட்டில் ரெம்பாவ் பக்கத்திலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தின் லோரி. பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்டதைத் தோட்டத்துத் துரை ஏலத்தில் எடுத்து வந்தார். காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகள் எப்போது சுடுவார்களோ என்று எல்லோரும் பயந்துகிடந்த காலம் அது. துரை நாலு பக்கமும் இரும்புத் தகடு வைத்து லோரியை அடைத்தார். அடைத்த பிறகுதான் டிரைவர் சைபுதீன் எழுந்து நின்று இழுத்தாலும் ஸ்டியரிங் அசையாது என்பது தெரிந்தது. அத்தனை பாரம். பட்டறையில் பிட்டர் வேலை பார்த்த மாயாண்டி, உடைந்துபோன கவச வண்டி ஒன்றிலிருந்து எண்ணெய்ப் பம்பைக் கழற்றிக்கொண்டு வந்து இதில் பூட்டினான். பம்பு எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் சக்கரத்தைத் திருப்பும். அதிலிருந்து சைபுதீன் ஒரு கையால் ஓட்டினார். மறு கையில் பீடி.

அந்தப் பம்பின் வாயில் எண்ணெய் கசியாமல் அடைத்திருந்த வளையம்தான் இப்போது கிழிந்துவிட்டது. புதியது சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். அது வருவதற்குள் மாயாண்டிக்குக் கிழப்பருவம் வந்துவிடும்.

லிங்கியில் இருக்கும் பெண் வீட்டுக்குப் போக வேறு வழியும் இல்லை. பஸ்ஸை எரித்துவிட்டார்கள். எருமையைத் தவிர வேறு வண்டியில் தோட்டத்து ஆட்கள் அந்த ரோட்டில் போகக் கூடாது என்பது துரையின் கட்டளை. வழியிலோ குன்றைச் சுற்றிச் சுற்றி வளைவுகள். ஏற்கெனவே தை மாதம் குறித்த முகூர்த்தம் ஊரடங்கில் போயிற்று. பெண்ணின் அப்பா அமிர்தலிங்கம் அதற்குப் பிறகு சொல்லி அனுப்பிய சேதி, மாயாண்டியின் காதில் இன்னும் குளவி போலக் குடைந்தது. இந்த முறையும் மாப்பிள்ளை வரவில்லையென்றால், லோபாக்கில் கடை வைத்திருக்கும் பையனுக்கு மகள் பஞ்சாலையைக் கொடுத்துவிடுவாராம்.

பஞ்சாலையை அவன் ஒரே ஒருமுறை, திருவிழாவில் பார்த்திருக்கிறான். மோர்ப் பந்தலில் நின்றாள். மோரை நீட்டியவள், “சிந்தாம குடிங்க,” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அவனுக்கு வேறு யாரையும் பிடிக்கவில்லை.

“வளையம் தானே பாய். நாமே வெட்டிக்கலாம்,” என்றான் மாயாண்டி சைபுதீனிடம்.

ரப்பர்த் தோட்டத்துக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. செருப்பு அறுந்தால் ரப்பர், கூரை ஒழுகினால் ரப்பர், கதவு ஆடினால் அடியில் ஒரு துண்டு ரப்பர். விடியற்காலையில் எழுந்து தாங்களே பால் வெட்டிய மரத்தின் சரக்கு தங்களைக் கைவிடாது என்று நம்புவார்கள். மாயாண்டியும் பழைய தள்ளுவண்டிச் சக்கரத்து ரப்பரில் அழகாக ஒரு வளையம் வெட்டி மாட்டினான். எஞ்சின் எண்ணெயை ஊற்றினான். எருமை பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது, சைபுதீன் சிரித்தார். மறு சுற்றில் ஸ்டியரிங் இறுகிவிட்டது. கழற்றிப் பார்த்தால், வளையம் எண்ணெயில் ஊதி அல்வாவாகக் கிடந்தது. இன்னொன்று வெட்டினான். அதுவும் அல்வா.

“நாளைக்குப் பலகாரத்துக்குக் குறையில்ல லா,” என்றார் சைபுதீன். மாயாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குள் அக்கா மயிலம்மாள் வந்து அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தாய் தகப்பன் இல்லாத தம்பிக்கு எல்லாம் அவள்தான். மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டாமல் விடுவாளா? கிணற்றடியில் உட்கார வைத்து, உச்சந்தலையில் விளக்கெண்ணெயை வைத்துப் பரபரவென்று தேய்த்தாள்.

“சூடு ஏறிக் கெடக்குடா தலையில. அந்தப் போத்தல இறுக்கி மூடு.”

மூடப் போன மாயாண்டியின் கை நின்றது. போத்தலின் மூடி, எப்போதோ அவனே அதே சக்கரத்து ரப்பரில் வெட்டிக் கொடுத்தது. மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கும் அதே மாதிரி ஒன்று கொடுத்திருந்தான். அது ஊதிப்போய் என்றைக்கோ குப்பைக்குப் போயிற்று. இது மட்டும் வருஷக்கணக்காக விளக்கெண்ணெயில் நனைந்தும் வெட்டிய அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது.

“அக்கா, இந்த எண்ணெய் லயத்துல யார் யார் வீட்டுல இருக்கு?”

“புள்ள பெத்த வீடு பூராவும் இருக்கும். எதுக்குடா?”

மாயாண்டி எழுந்து ஓடினான். எண்ணெய் வழியும் தலையோடு லயத்து வரிசையில் வீடு வீடாக ஏறி இறங்கினான். சனிக்கிழமை தோறும் வயிறு கழுவ விளக்கெண்ணெய் குடித்து நொந்துபோயிருந்த பிள்ளைகள், ஒளித்து வைத்திருந்த போத்தல்களைக்கூடத் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பம்பைத் துடைத்து, மூன்றாவது வளையத்தை வெட்டி மாட்டி, விளக்கெண்ணெயை ஊற்றினான். பொழுது சாயும் வரை எருமை பட்டறையைச் சுற்றியது. வளையம் ஊதவில்லை. ஓரத்தில் மட்டும் லேசாகக் கசிந்தது. குன்றில் ஏறும் முன் ஒரு தடவை ஊற்றிக்கொண்டால் போதும். மிச்சமிருந்தது ஒரு போத்தல்.

காலையில் ஊரடங்கு முடிந்ததும் கல்யாண கோஷ்டி கிளம்பியது. தோட்டத்துக் கம்பி வேலிக் கேட்டில் போலீஸ் சோதனை. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடுமென்று ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடமாட்டார்கள். மலாய்க்காரச் சார்ஜன் மாயாண்டியின் மடியிலிருந்த போத்தலை எடுத்து முகர்ந்தார்.

“மின்யாக் மாக்கான்,” என்றார். சமையல் எண்ணெய் என்றே முடிவு கட்டிவிட்டார்.

“இல்ல துவான், ஊபாட். மருந்து,” என்றான் மாயாண்டி. ஸ்டியரிங் குடிக்கும் எண்ணெய் என்று சொன்னால் அவர் நம்பப் போவதில்லை.

“மருந்தென்றால் குடித்துக் காட்டு,” என்றார் சார்ஜன்.

எல்லோரும் மாயாண்டியைப் பார்த்தார்கள். சைபுதீன் ஓட்ட வேண்டும். மயிலம்மாள் தாலி முடிச்சுப் போட வேண்டும். மற்றவர்கள் ஆகாயத்தைப் பார்த்தார்கள். மாயாண்டி மோர்ப் பந்தலை நினைத்துக்கொண்டு, சிந்தாமல், மடக் மடக்கென்று நாலு வாய் குடித்தான். சார்ஜனே முகத்தைச் சுளித்துக்கொண்டு போத்தலைத் திருப்பிக் கொடுத்தார்.

மிச்சத்தைக் குன்றடியில் பம்பு குடித்தது. வளைவுகளில் எருமை குமரியைப் போலத் திரும்பியது.

லிங்கித் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே போய் இறங்கினார்கள். அமிர்தலிங்கத்தின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. மாயாண்டியின் வயிற்றுக்குள்ளும் அப்போதுதான் ஏதோ ஓடத் தொடங்கியது.

“மாப்பிள்ளைக்கு ஏன் இப்படி வேர்க்குது?” என்று மாமனார் கேட்டார்.

“கூச்சம்,” என்றார் சைபுதீன்.

பூசாரி மந்திரத்தை இழுத்தார். மாயாண்டி பல்லைக் கடித்தான். தாலியைக் கழுத்தில் வைத்ததும், மயிலம்மாள் முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள், மணமேடையில் மாப்பிள்ளை இல்லை. மாலை பறக்க, லயத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.

வெளிறிப்போய்த் திரும்பி வந்தபோது கூட்டமே சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. சைபுதீன் கதையைச் சொல்லி முடித்திருந்தார். மாயாண்டிக்கு மானம் போயிற்று. தலையைக் குனிந்துகொண்டு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தான். பஞ்சாலை மட்டும் சிரிக்கவில்லை. ஒரு செம்பு மோரை நீட்டினாள்.

“சுத்தி வர்றது பாக்கி இருக்கு. இதக் குடிச்சுட்டு வாங்க, மெதுவா நடப்போம்.”

அக்கினியைச் சுற்றி வந்தார்கள். அவன் எங்கே தடுமாறினானோ அங்கே அவள் விரலை இறுக்கிப் பிடித்தாள். இவளுக்காக இன்னொரு போத்தலையும் குடிக்கலாம் என்று மாயாண்டிக்குத் தோன்றியது.

சாப்பாடு முடிந்து கிளம்பும் நேரம், அமிர்தலிங்கம் தன் வீட்டிலிருந்து பெருமையாக ஒரு போத்தலைக் கொண்டு வந்தார். நிறைய விளக்கெண்ணெய்.

“வழிக்கு வேணுமே, மாப்பிள்ள.”

மாயாண்டிக்கு இந்தத் தோட்டத்து கேட்டும் அதில் நிற்கும் போலீஸும் ஞாபகத்துக்கு வந்தார்கள். கால் தானாகப் பின்வாங்கியது. பஞ்சாலை அப்பாவின் கையிலிருந்து போத்தலை வாங்கிக்கொண்டு, எருமையின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“வாங்க, ஏறுங்க,” என்றாள். “இந்த கேட்டுல நான் குடிக்கிறேன்.”