ஏழடிச் சுவரும் நிலுவையாரும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: முப்பத்து நான்கு ஆண்டு அரும்பணியை நிறைவு செய்து இம்மாதக் கடைசியில் ஓய்வு பெறவிருக்கும் குடும்பத் தலைவர், இவ்வீட்டை விடுத்து ஐந்தாம் மாடியில் உள்ள சிறு குடியிருப்பொன்றுக்கு இடம்பெயர இருப்பதாலும், எளிமையே இனி அவரது வாழ்க்கை நெறி என்பதாலும், வீட்டுப் பொருட்கள் அனைத்தும் முறையாக ஆய்வு செய்யப்பட்டு, வேண்டாதவை கழித்துக்கட்டப்படும். இதற்கென அமைக்கப்பட்ட குழுவின் முடிவே இறுதியானது.

அறிவிப்பு பிரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. வீட்டில் அந்தச் சமயம் இருந்த சகலரும் ஒரே ஒருவர்தான், அவர் மனைவி. பால் எடுக்க அவள் கதவைத் திறந்ததும் அறிவிப்பு கழன்று விழுந்தது. எடுத்து ஒட்டினாள். குழுவில் யார் யார் என்று கேட்டாள். தலைவர் அவர். உறுப்பினர் அவள். வேலை பார்க்கும் ஊரிலிருந்து போனில் கலந்துகொள்ளும் மகன், நடுநிலை உறுப்பினர். அவள் தலையாட்டிவிட்டுப் பாலை அடுப்பில் வைத்தாள். பொங்குவது எதுவானாலும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது அவளுக்கு முப்பது வருடப் பழக்கம்.

கழித்துக்கட்டும் கலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதாவது, அது அவருடைய பதவி. ஒரு பெரிய அலுவலகத்தின் ஸ்டோர்ஸ் பிரிவுக்குத் தலைவர். உடைந்த நாற்காலி, கால் போன மேசை, காற்றைத் தவிர மற்ற சத்தங்களையெல்லாம் தரும் மின்விசிறி, இவற்றைப் பார்வையிட்டு, எண் போட்டு, மூன்று பேர் கையெழுத்து வாங்கி, விலைப்புள்ளி கேட்டு, ஏலம் விட்டு, பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும். அவர் பார்வையிட்டார். எண் போட்டார். முப்பத்து நான்கு ஆண்டுகளில் ஒரு நாற்காலிகூட வாசலைத் தாண்டவில்லை. மூன்றாவது கையெழுத்து போடவேண்டியவர் எப்போதும் விடுப்பில் இருப்பார், அல்லது மாற்றலில் போயிருப்பார், அல்லது விதி மாறியிருக்கும். அலுவலகத்தின் பின்கட்டில் நாற்காலிகள் வெள்ளை எண்களோடு கூரை தொட அடுக்கிக் கிடந்தன. அடியில் கிடந்தவை மண்ணாகி, தாமாகவே பதவி விலகிக்கொண்டன. சக ஊழியர்கள் அவருக்கு ‘நிலுவையார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். கூடவே ஒரு ‘ஆர்’ சேர்த்தது மரியாதைக்கு.

புது வீட்டில் கூடம் சின்னது. ஒரு பக்கம் வாசற்கதவு, ஒரு பக்கம் சமையலறைக்கு வழி, ஒரு பக்கம் ஜன்னல். முழுசாக மிஞ்சியது ஒரே சுவர். ஏழடி இரண்டு அங்குலம். சண்டை மொத்தமும் அந்த ஏழடிக்குத்தான்.

மனைவிக்கு அங்கே அவள் தையல் மெஷின் வேண்டும். பக்கத்தில் துணி வெட்டும் பலகை. இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். சீருடைக் கடை புது வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ஜன்னல் வெளிச்சம் இடது தோளுக்கு மேலாக நேரே ஊசியில் விழும் என்பதைப் பார்த்துத்தான் அந்த வீட்டுக்கே சரியென்று சொல்லியிருந்தாள். ஓய்வு ஆணை அவருக்கு மட்டும்தான் வந்திருந்தது; அவளுக்கு யாரும் அனுப்பவில்லை.

அவருக்கு அங்கே ஷோகேஸ் வேண்டும்.

ஷோகேஸ் என்றால் ஏதோ கண்ணாடி அலமாரி என்று நினைத்துவிடக் கூடாது. ஏழடி நீளம், ஏழரை அடி உயரம். பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு தச்சர் பன்னிரண்டு நாள் இப்போதைய வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து செய்தது. ஓர் ஆணிகூட இருக்கக் கூடாது, எல்லாம் பசையும் பொருத்தும்தான் என்பது அவர் கட்டளை. ஆணி அடித்தால் அது அலமாரி, அடிக்காவிட்டால் அது காலத்துக்கும் நிற்கும் சின்னம் என்று தச்சருக்கே பாடம் எடுத்தார். பன்னிரண்டு நாளும் டீ கொடுத்து, மரத்தூள் கூட்டி அள்ளியவள் மனைவி.

அதற்குள்ளே நாற்பத்தேழு கேடயங்கள். சிக்கன வாரத்தைச் சிறப்பாகக் கொண்டாடியதற்காக ஒன்று. சிக்கனமாகச் செய்திருந்தால் கையடக்கமாக இருந்திருக்கும், இது இரண்டடி. கயிறு இழுக்கும் போட்டியில் மூன்றாம் பரிசு. கலந்துகொண்ட அணிகள் மூன்று. ஓடாத கடிகாரம் பதித்தவை ஐந்து. ஒன்றில் வேறு யாரோ ஒருவர் பெயர் இருந்தது. மேடையில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். மற்றதைவிட வேலைப்பாடு நன்றாக இருந்ததால் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை.

குழுவின் முதல் அமர்வு சமையலறையில் நடந்தது. ஒரு வருடமாகப் பயன்படாத எதுவும் புது வீட்டுக்கு வரக் கூடாது என்று விதி வகுத்தார். மனைவி அன்று முற்பகலிலேயே ஐம்பது பாத்திரங்களைப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துக் கையைக் கழுவினாள். அவர் தம் பங்குக்கு ஒரு வாரம் உழைத்து, காலி பிஸ்கட் டப்பா ஒன்றைக் கழித்தார். பூட்டே இல்லாத முப்பத்தெட்டுச் சாவிகளைப் போட்டுவைக்க டப்பா வேண்டியிருந்ததால், சாயங்காலம் அதைக் குப்பைக் கூடையிலிருந்து மீட்டுவந்தார். பூட்டு இல்லாத சாவி எதற்கு என்று கேட்டவளுக்கு, நாளைக்குப் பூட்டு கிடைத்தால் சாவிக்கு எங்கே போவாய் என்று பதில் வந்தது. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்கள். இவருடைய முயலுக்கு ஒரு காலும் கிடையாது, ஆனால் எண் போட்டிருக்கும்.

இரண்டாவது அமர்வில் சுவர் விவகாரம் வந்தது. மகன் போனில் வந்தான். திரையில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது. ஷோகேஸ், மெஷின் இரண்டில் எது என்று தலைவர் கேட்டார்.

"ரெண்டுமே எனக்கு வேணாம்பா," என்றான் மகன். "ஆனா என் கிடாரைத் தூக்கிப் போட்றாதீங்க."

"அதுல ரெண்டு கம்பிதான்டா இருக்கு. வந்து எடுத்துட்டுப் போ," என்றாள் அம்மா.

"இங்க எடமில்லம்மா."

அதற்குமேல் நெற்றி உறைந்துவிட்டது. நடுநிலை இவ்வளவு கச்சிதமாக எங்கும் கடைப்பிடிக்கப்பட்டதில்லை. ஆளுக்கொரு வாக்கு, சமநிலை. தலைவருக்கு இன்னொரு வாக்கு உண்டு என்று தலைவர் அறிவித்தார். ஷோகேஸ் போகும். மெஷின் கழிக்கப்படும். ஓய்வுக் காலத்தில் வீட்டில் கடகட சத்தம் இருக்கக் கூடாது, உழைத்த மனிதன் தன் உழைப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னார்.

 மனைவி கால் பெருவிரலால் மெஷினின் மிதியை லேசாக அசைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"இந்த ஷோகேஸை எப்படிங்க வெளியில எடுப்பீங்க?"

"அது இன்னிக்கு அஜெண்டாவுல இல்ல."

"நான் கேட்டேன்னு மட்டும் எழுதி வச்சுக்குங்க."

எழுதினார். உறுப்பினர் தொடர்பற்ற கேள்வி ஒன்றை எழுப்பினார், நிராகரிக்கப்பட்டது.

"சரி, மெஷினை இன்னிக்கே தூக்கிக் குடுத்துடணுமா?"

அவர் சிரித்தார். விவரம் தெரியாத பெண்பிள்ளை. கழிப்பதென்றால் கடைத்தெருவில் தக்காளி விற்பதா? எண் போட வேண்டும், மூன்று கையெழுத்து வேண்டும், மூன்று விலைப்புள்ளி வேண்டும். மகன் கையெழுத்துப் போட நேரில் வர வேண்டும். குறைந்தது அறுபது நாள் ஆகும்.

"அதுவரைக்கும் மெஷின் யார் பொறுப்பு?"

"விதிப்படி, பயன்படுத்துறவர் பொறுப்பு. எங்க போனாலும் கூடவே பத்திரமா வச்சிருக்கணும்."

"அதையும் எழுதிடுங்க," என்றாள்.

அதையும் எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டார். மெஷினின் நெற்றியில் வெள்ளைச் சுண்ணத்தால் ஒன்று என்று எண் விழுந்தது. அன்று மதியமே அவள் அந்த எண்ணின் பின்னால் உட்கார்ந்து பதினோரு கால்சட்டை தைத்து முடித்தாள்.

மாதக் கடைசியில் பிரிவுபசாரம் நடந்தது. வரும்போது என்ன கொண்டுவந்தோம், போகும்போது என்ன கொண்டுபோகப் போகிறோம் என்று எளிமையைப் பற்றி அவர் நாற்பது நிமிடம் பேசினார். போகும்போது மூன்றடிக் கேடயம் ஒன்றைக் கொண்டுபோனார். ஆட்டோவில் அதற்கு ஓர் ஆள் இடம் வேண்டியிருந்ததால் மனைவி அடுத்த ஆட்டோவில் வந்தாள். கேடயத்தின் அடியில் கருங்கல் பீடம், மேலே ‘அயராது கழித்தவர்’ என்று பொன்னெழுத்து. நன்றாகக் கனத்தது. நாற்பத்தெட்டாவது.

வீடு மாற்றும் காலையில் மனைவியின் தம்பி லாரியோடு வந்தான். லாரி அவனுடையது, தொழிலும் அதுதான். ஊரில் பாதிப் பேரின் கட்டில் அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும் என்பதால் யார்மேலும் அவனுக்குப் பெரிய மரியாதை கிடையாது. நான்கு ஆட்கள். பத்து மணிக்குள் கட்டில், பீரோ, பிரிட்ஜ், சாவி டப்பா, கிடார் எல்லாம் ஏறிவிட்டன. மெஷினுக்கு அருகே வந்தபோது அத்தான் குறுக்கே நின்று இது கழிக்கப்பட்டது என்றார். அக்கா, மடித்து வைத்திருந்த குழுக் குறிப்பை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் தம் கையெழுத்தைப் படித்தார். விதியை அவரால் மீற முடியாது. விதி போடுவதைத் தவிர வாழ்க்கையில் வேறெதுவும் செய்யாதவர். மெஷின் ஏறியது.

கடைசியாக ஷோகேஸ். கேடயங்களைச் சாக்கில் கட்டி இறக்கிவிட்டு, நான்கு பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கி வாசல்வரை கொண்டுவந்தார்கள். மேலே இடித்தது. படுக்கவைத்தார்கள். அப்போதும் இடித்தது. சாய்த்தார்கள், திருப்பினார்கள், தலைகீழாக நிறுத்தினார்கள். அவர் வாசலில் நின்று இடது, வலது, கொஞ்சம் மேலே என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது முறை நிலைச்சட்டத்தில் இடித்ததும் தம்பி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"அத்தான், இது உள்ள எப்படி வந்துச்சு?"

 மனைவி கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தாள். அவன் வாசலை அளந்தான். ஆறேகால் அடி. ஷோகேஸை அளந்தான். படுத்தால் ஏழு, நின்றால் ஏழரை.

"உள்ளயே பொறந்த புள்ளைடா அது," என்றாள் அக்கா. "பன்னெண்டு நாள் பிரசவம் பார்த்தது நான்தான்."

ஜன்னலுக்கு இரும்புக் கம்பி. நிலையைப் பெயர்த்துவிடலாம் என்று அவர் உத்தரவிட்டார். வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, நிலையில் ஒரு கீறல் விழுந்தாலும் நடப்பதே வேறு என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்.

"பிரிச்சு எடுக்கலாம்னா ஒரு ஆணி இல்ல, ஒரு திருகு இல்ல," என்றான் தம்பி. "நடுவுல அறுத்தா ரெண்டு பாதியும் போயிடும். அறுக்கவா அத்தான்?"

நாலு ஆட்களும் அவரைப் பார்த்தார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் முதல் தடவையாக ஒரு பொருளின் கதி அவருடைய ஒரு சொல்லில் நின்றது. அறு என்றோ வேண்டாம் என்றோ சொன்னால் போதும். மூன்றாவது கையெழுத்துக்காரரைத் தேடுவதுபோலத் தெருவை ஒருமுறை பார்த்தார்.

"இதை இப்போதைக்கு நிலுவையில வைப்போம்," என்றார்.

தம்பி சட்டென்று லாரிக்குப் பின்னால் போய்விட்டான். அங்கிருந்து கொஞ்ச நேரம் இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

வீட்டுக்காரர் பெருந்தன்மையானவர். ஷோகேஸ் இங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும், புதிதாகக் குடிவருகிறவர்களுக்கு ஏழு பிள்ளைகள், செருப்பு வைக்க வசதியாக இருக்கும் என்றார்.

புது வீட்டில் ஏழடிச் சுவரோரமாக மெஷினும் பலகையும் நிற்கின்றன. நெற்றியில் எண் ஒன்று அழியாமல் இருக்கிறது. கேடயச் சாக்குகள் கட்டிலுக்கு அடியில். முதல் வாரம் அவர் புதுப் பதிவேடு ஒன்று தொடங்கி, ஷோகேஸுக்கு எதிரே நிலுவை என்றும் மெஷினுக்கு எதிரே நிலுவை என்றும் எழுதினார். பிறகு எழுத எதுவுமில்லை. கடகட சத்தத்தில் அவருக்கு மத்தியானத் தூக்கம் நன்றாக வந்தது. அதை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை.

ஒருநாள் துணி வெட்டிக்கொண்டிருந்த மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, கடைசியா குடுத்தாங்களே அந்தப் பெரிய கேடயம், அதைக் கொஞ்சம் எடுங்க."

அவருக்கு நெஞ்சு விம்மியது. சாக்கை அவிழ்த்தார். தம் துண்டாலேயே துடைத்தார். பொன்னெழுத்து முன்னால் தெரியும்படி இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து, எந்த இடம் என்று சுவரை நிமிர்ந்து பார்த்தார். அவள் வாங்கி, பலகையில் விரித்திருந்த நீலத் துணியின் ஓரத்தில் பொன்னெழுத்து அடியில் போகக் கவிழ்த்து வைத்தாள்.

ஐந்தாம் மாடியில் காற்று அதிகம். இப்போது துணி பறப்பதில்லை.