பத்து வருஷமா சர்க்கரை

அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நின்று அம்சம் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாள். நேற்றுதான் காய்ச்சல் என்று சொன்னால் வெள்ளை மாத்திரை இரண்டைக் கையில் போட்டு அனுப்பிவிடுவார்கள். நாலு நாளாச்சு என்றால்தான் டாக்டர் தலையை நிமிர்த்துவார். அதனால் வலங்கைமான் பக்கத்துப் பெண்கள் எல்லோரையும் போல அவளும் எந்த நோயையும் கொஞ்சம் கூட்டியே சொல்லுவாள். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறோமே, அந்த மாதிரி.

குறுவை நடவுக்குச் சேறடித்தபோது அவள் புருஷன் மருதையனின் வலது உள்ளங்காலை நத்தை ஓடு கிழித்துவிட்டது. சர்க்கரைக்காரர், வலியே தெரியவில்லை. சர்க்கரை இருப்பதே எட்டு மாதத்துக்கு முன்னால் ஊருக்கு வந்த மருத்துவ முகாமில்தான் தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள், சீட்டு ஒன்றும் கொடுக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு விரல் கறுத்த பிறகுதான் இரண்டு பேரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள்.

"சுகர் எத்தனை வருஷமா?" என்று கேட்டார் அங்கிருந்த சின்ன டாக்டர்.

"பத்து வருஷமா இருக்குய்யா," என்றாள் அம்சம்.

நினைத்தபடியே அவர் நிமிர்ந்தார். சீட்டில் எழுதினார். "ரத்தக்குழாய் டாக்டர் பாக்கணும்மா. வியாழக்கிழமை மட்டுந்தான் வருவாரு."

வியாழக்கிழமை போனார்கள். அவர் மீட்டிங்குக்குப் போய்விட்டாராம். அடுத்த வியாழன் வரச் சொன்னார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் தமிழ்மாறன் போனிலேயே கோபப்பட்டான். "அங்க ஏம்மா போயி நிக்கிறீங்க? உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு வருஷமா இன்சூரன்ஸ் கட்டுறேனே, எதுக்கு? நாளைக்கே தஞ்சாவூர்ல பிரைவேட்டுக்குப் போங்க."

வெள்ளிக்கிழமை போனார்கள். உட்கார நாற்காலி கொடுத்தார்கள். பெரிய டாக்டர் பத்தே நிமிஷத்தில் வந்து பார்த்தார். "குழாய் அடைப்பை எடுத்துட்டா, போறது விரலோட போயிடும். மூணு நாலு நாளைக்குள்ள பண்ணிடணும்," என்றார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். அம்சத்துக்கு மூச்சு வந்தது. அப்புறம் ஒரு பெண் டாக்டர் அட்டையும் பேனாவுமாக வந்து, சுகர் எத்தனை வருஷமா என்று கேட்டது.

"அது ஆச்சும்மா, பத்து வருஷம்."

திங்கட்கிழமை காலையில் இன்சூரன்ஸ் மேஜையிலிருந்த இசைவாணி கூப்பிட்டனுப்பியது. அம்சம் மருதையனைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அம்மா, இன்சூரன்ஸ் கம்பெனியில ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"அப்படின்னா?"

"பணம் தரமாட்டாங்களாம். பாலிசி எடுத்தே ரெண்டு வருஷந்தான் ஆகுது. வியாதி பத்து வருஷமா இருக்குன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. மறைச்சு எடுத்துட்டீங்கன்னு சொல்றாங்க."

"அது சும்மா சொன்னதும்மா. எட்டு மாசந்தான் ஆகுது."

"சும்மா ஏம்மா சொல்லணும்?"

"அப்பத்தானே பாப்பாங்க."

இசைவாணிக்கு அது புரியவில்லை. "சரி, எப்ப கண்டுபிடிச்சதுன்னு பழைய சீட்டு எதாச்சும் இருந்தா குடுங்க. திருப்பி அனுப்பிப் பாக்குறேன்."

மஞ்சள் பையில் இருந்தது ஒரே ஒரு சீட்டு, அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. இசைவாணி பிரித்துப் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தது. "இதுலயும் பத்து வருஷம்னுதாம்மா போட்டிருக்கு."

நாற்காலியிலிருந்து மருதையன் கேட்டார். "பத்து வருஷமா சக்கரைன்னா, போன தீபாவளி வரைக்கும் காப்பியில ரெண்டு கரண்டி சீனி ஏன்டி போட்ட?"

இசைவாணி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாது என்று கீழே பார்த்துக்கொண்டது. அம்சத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தமிழ்மாறன் போனில் "ஏம்மா அப்படிச் சொன்ன?" என்று மூன்று தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை. அரசாங்கக் காப்பீட்டு அட்டையை அந்த ஆஸ்பத்திரியில் எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு நாள் அவனும் அலைந்து பார்த்தான், பணம் புரளவில்லை. புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெயர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. அரசு ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் டாக்டர் இருந்தார். நல்ல மனிதர்தான். கட்டைப் பிரித்துக் கணுக்காலுக்கு மேலே அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"போன வாரமே வந்திருக்கலாமேம்மா?"

"வந்தோம்யா."

"வந்தீங்களா? யாரும் பாக்கலையா?"

"நீங்க மீட்டிங்குக்குப் போயிட்டீங்கன்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நாளைக் காலையிலேயே ஆபரேஷன், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், ஒரு பைசா செலவில்லை என்றார். அம்சம் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வார்டில் மருதையன் சுவரோரக் கட்டிலில் படுத்திருந்தார். அதே கட்டிலில் கால்மாட்டில் இன்னொரு நோயாளி குந்தியிருந்தார்.

"எது வரைக்கும்?" என்று கேட்டார் மருதையன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவருடைய கெண்டைக்காலில் கையைக் குறுக்கே வைத்துக் காட்டினாள்.

அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நடவு முடிஞ்சிச்சா?"

"மேலக்கட்டளை வயல் முடிஞ்சிச்சு. கீழ ரெண்டு மா நெலம் கெடக்கு."

"ம்."

அம்சம் எழுந்து போய்க் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். கட்டுக்கு வெளியே குதிகால் வெடிப்பில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தானையை நனைத்துத் தேய்த்தாள்.

"நாளைக்குப் போற காலை எதுக்குடி கழுவுற?"

"சேத்தோடயா அனுப்புறது?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வெடிப்பு வெடிப்பாகத் துடைத்து, துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். தண்ணீர் கலங்கிவிட்டது.

"இன்னொண்ணையும் கழுவிவிடு," என்றார் மருதையன்.

அவள் வேறு தண்ணீர் பிடிக்கப் போனாள்.