சுவருக்கு இருபுறமும் டேங்கோ

எங்கள் குடியிருப்பில் ஓர் ஒழுங்கு உண்டு. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால், அது தேயும்வரை கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்க வேண்டும். எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்ல நேர்ந்துவிடுமே! இந்த மரியாதையால், இரண்டாம் மாடியில் அடுத்தடுத்த வீட்டிலிருக்கும் ஆர்மாசும் இர்மெலியும் பதினோரு வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை.

நான் இருவரையும் பார்த்திருக்கிறேன். முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் என் வீடு. ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். பின்லாந்தின் இந்த டாம்பெரே நகரில் நவம்பர் வந்தால் நாலு மணிக்கே இருட்டி, எதிர் வீடுகளில் விளக்கேற்றிவிடுகிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய?

ஆர்மாஸ் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தரையிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நடப்பார். முகம் தெரியாதவர்களோடு கற்பனை உலகில் உலவவிடும் வி.ஆர். கண்ணாடியை மாட்டினால் வேறு ஆள். முதலில் தோள் உயரும். பிறகு, மழை தூறுகிறதா என்று பார்ப்பவர்போல இடது உள்ளங்கை மலரும். அப்படியே ஏரியில் மிதப்பதுபோல அறைக்குள் நகர்வார். பக்கத்து ஜன்னலில் இர்மெலியும் கண்ணாடியோடு. கடையில் வழிவிடச் சொல்லக்கூடத் தயங்குபவர், அங்கே இல்லாத ஒருவரின் தோளில் கை வைத்து, கன்னத்தைச் சாய்த்திருப்பார்.

இரண்டாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. ஆர்மாஸ் பின்வாங்கினால் இர்மெலி முன்வந்தார். ஒருவர் திரும்பினால் மற்றவரும் திரும்பினார். ஜோடியாக ஆடும் டேங்கோ நடனம்! நடுவே சுவர் மட்டும். பனி விழ விழ, அந்த மஞ்சள் வெளிச்சத்தில் சுவரும் கரைந்துபோய், ஒரே அறையில் இருவர் சுழல்வதுபோலிருந்தது. தொட்டி நிரம்பித் தண்ணீர் என் காலில் வழிந்த பிறகே விழித்துக்கொண்டேன்.

ஒரு திங்களன்று இர்மெலி கண்ணாடியைப் பழம்பொருள் சந்தையில் விற்றுவிட்டார். சனிக்கிழமை வடக்கே ஔலு நகரிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார், இனி அங்கேதான். “நான் இங்க இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, யாருக்குத் தெரியப்போகுது?” என்று சந்தைக்காரரிடம் சொன்னாராம். ஆர்மாஸ் ஐந்து நாளாக அதே இடத்தில் கையை நீட்டி நின்றார். அந்தக் கையைப் பிடிக்க யாரும் வரவில்லை.

சனிக்கிழமை காலை இர்மெலியின் சாமான்களை ஏற்ற வண்டி வந்து நின்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. போய் ஆர்மாஸின் கதவைத் தட்டினேன்.

“யாருக்காகக் கைய நீட்டிட்டு நிக்கறீங்க?”

அவர் காது சிவந்தது. “ஜன்னல் வழியா பாத்தீங்களா?”

“செடிக்குத் தண்ணி ஊத்தினேன்.”

“அஞ்சு நாளாவா? செடி அழுகியிருக்குமே.”

“அத விடுங்க. கூட ஆடுனவங்க யாருன்னாவது தெரியுமா?”

“போர்ச்சுகல்ல இருக்காங்க. ஜன்னலத் தெறந்தா கடலாம்.”

“கடலா! தெறந்தா நம்ம குப்பைத்தொட்டிதான். பக்கத்து வீட்டு இர்மெலிங்க அது! இப்ப ஊரவிட்டே போறாங்க.”

வெளியே கதவு பூட்டும் சத்தம். ஆர்மாஸ் மூச்சை அடக்கிக்கொண்டார். “அவங்க எறங்கிப் போகட்டும்.”

“போனப்புறம் யாரோட ஆடுவீங்க?”

“அந்தக் கண்ணாடிக்குள்ளன்னா கை தானா வருது. இங்க வரமாட்டேங்குதே.”

“அப்ப கண்ண மூடிக்கோங்க.”

மூடிக்கொண்டார். நான்தான் கதவைத் திறந்தேன். தோள் உயர்ந்தது, உள்ளங்கை மலர்ந்தது.

கோப்பைகள் வைத்த பெட்டியோடு இர்மெலி நின்றிருந்தார். கண்ணாடிக்குள்ளே ஆர்மாஸ் கறுப்பு மீசை இளைஞராம். இங்கே காலுறையில் ஓட்டை. ஆனாலும் அந்தக் கையை இர்மெலிக்குத் தெரிந்திருந்தது. பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“போர்ச்சுகல்னு சொன்னது பொய்.”

“எனக்கு மீசையும் கெடையாது,” என்றார் ஆர்மாஸ், கண்ணைத் திறக்காமலே.

இர்மெலி இரண்டடி முன்வந்து அவர் தோளில் கை வைத்தார். மெல்ல ஒரு சுற்று. அடுத்த சுற்றில், “ஆ! மிதிச்சிட்டீங்க!”

“அங்க மிதிச்சதே இல்லையே.”

“அங்க உங்களுக்குக் காலே கெடையாது.”

கீழேயிருந்து மகள் கூப்பிட்டாள். “அம்மா, வண்டி கெளம்பணும்!”

“கெளம்பட்டும்,” என்றார் இர்மெலி. கையை எடுக்கவில்லை.

சோபாவும் கட்டிலும் மட்டும் ஔலு வரை போய்விட்டு, அடுத்த வாரம் திரும்பி வந்தன.