பேய்ப் புள்ளி

அந்த ஆய்வகத்தில் அண்ணனுக்கும் தங்கைக்கும் பெயரே மாறிப்போயிருந்தது. அவள் விடாக்கண்டி, அவர் கொடாக்கண்டன். மூன்று வாரமாக அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவர் கொடுக்காமலே இருந்தார். கேட்டது சொத்தா, நகையா? ஏழு வருடத்துக்கு முன்னால் அவர் எடுத்த சில படங்கள். நட்சத்திரங்கள் பிறக்கிற ஒரு தூசி மேகத்தை அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படங்கள்.

அந்த மேகத்தை வைத்துத்தான் அண்ணன் பெரிய ஆளானார். அப்படிப்பட்ட மேகத்துக்குள் நட்சத்திரங்கள் மட்டுமா பிறக்கின்றன? எரியத் தொடங்குகிற அளவுக்கு உடம்பு சேராமல் போன பழுப்புக் குள்ளன்களும் பிறக்கும். அவற்றிலும் சிறிசாக, ஒரு கோளின் எடையே இருந்து, எந்தச் சூரியனையும் சுற்றாமல் தன் பாட்டுக்குத் திரிகிறவையும் உண்டு. அண்ணன் சல்லடை போட்டுத் தேடிவிட்டு, வியாழனின் எடையைப் போல் பத்து மடங்குக்குக் கீழே இந்த மேகத்தில் எதுவும் பிறக்கவில்லை என்று அடித்து எழுதினார். 'அடிமட்டம்' என்று அதற்குப் பெயர் வந்து, பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது.

இப்போது தங்கை ஒன்றைப் பிடித்திருக்கிறாள். எடை வெறும் நாலு வியாழன்! தான் எடுத்த புதிய படத்தில், பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், மங்கலாக, சிவப்பாக உட்கார்ந்திருந்தது. அவளுக்குத் துளி சந்தேகம் கிடையாது. சந்தேகப்படுவது மற்றவர்கள் வேலை என்பாள்.

ஆனால் அவள் நம்பினால் போதுமா? மேகத்துக்குப் பின்னால் எங்கோ தொலைவில் நிற்கிற சாதாரண நட்சத்திரமும் தூசி வழியாகப் பார்த்தால் சிவப்பாகத்தான் தெரியும். கையில் இருக்கிற வசதிக்கு அவள் காட்டக்கூடிய ஒரே சாட்சி, அசைவு. மேகத்தில் பிறந்தவை எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் நகரும், பின்னால் நிற்பது நின்ற இடத்திலேயே நிற்கும். ஏழு வருடத்தில் முக்கால் பிக்சல் நகர்ந்திருந்தால் அவள் ஜெயித்தாள். அண்ணன் சுத்தம் செய்து வெளியிட்ட படங்கள் எல்லாருக்கும் கிடைக்கும். என்ன கொடுமை, அவற்றில் சரியாக அந்த இடத்தை மட்டும் வழித்தெடுத்தாற்போல் ஒரு கறுப்பு ஓட்டை! கருவியிலிருந்து வந்தபடியே இருக்கிற, கழுவாத பச்சைப் படங்கள் வேண்டும், அவை அண்ணனிடம் மட்டும்தான் இருந்தன.

விண்வெளித் தொலைநோக்கியில் நேரம் கேட்கும் விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணி கெடு. சாட்சி இல்லாமல் போனால் நேரே குப்பைக்கூடை. அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் ஆகும், அதற்குள் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள்.

"டிஸ்க் எங்க இருக்கோ தெரியலடி. ரூம் மாத்தினப்போ தொலைஞ்சிருக்கும்" என்று காலையில்கூட அண்ணன் கை விரித்துவிட்டார்.

மத்தியானம் அண்ணி வந்தாள். அண்ணி பல் மருத்துவர். கைப்பையிலிருந்து ஒரு கறுப்பு டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"நீ தேடற சாமான் இதானா பாரு. ஸ்வெட்டருக்கு அடியில வெச்சுப் பூட்டியிருந்தார் உங்கண்ணன். என் நகையக்கூட இப்படிப் பூட்டினதில்ல."

"அண்ணாவுக்குத் தெரியுமா அண்ணி?"

"தெரிஞ்சா விடுவாரா? மூணு வாரமா தூக்கத்துல பல்லை நறநறன்னு கடிக்கறார். நாளைக்கு அது தேஞ்சுபோனா யாரு பாக்கறது, நான்தானே? ரெண்டு பேரும் என்னமோ பண்ணி இன்னையோட முடிங்க."

அண்ணி போனதும் அவள் அதைத் தன் கணினியிலேயே சொருகியிருக்கலாம். ஆனால் திருட்டுத்தனமாக ஜெயிக்கிற ரகமில்லை அவள். விறுவிறுவென்று அண்ணன் அறைக்குப் போய் டிஸ்க்கை அவர் முன்னால் வைத்தாள்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "அவளா குடுத்தா?"

"அண்ணியத் திட்டாத. நீயே திற. நான் தொட மாட்டேன்."

"அது பேய்டி. அன்னைக்கே பாத்தாச்சு."

பேய் என்றால் அவர்கள் தொழிலில் வேறு. பளிச்சென்ற நட்சத்திரம் கருவியில் ஒருமுறை விழுந்தால், அடுத்த படத்திலும் அதன் தடம் அதே இடத்தில் மங்கலாகத் தெரியும். இல்லாத ஒன்று இருப்பதுபோல் காட்டி ஏமாற்றும்.

"பேயா இருந்தா நான் பேசாம போயிடறேன். விண்ணப்பமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். திற."

மொத்தம் ஒன்பது படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பது வழக்கம். அப்போது நிஜமானது மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும், பேய் மட்டும் கருவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே கிடக்கும்.

முதல் படத்தில் அந்த இடத்தில் ஒரு புள்ளி. "பாத்தியா, பேய்" என்றார் அண்ணன். இரண்டாவது படத்தைத் திறந்தார். இரண்டு புள்ளிகள் இருந்தன. ஒன்று பழைய இடத்திலேயே வெளுத்துக் கிடந்தது, இன்னொன்று நட்சத்திரங்களோடு கிளம்பியிருந்தது. ஒன்பதாவது படத்துக்கு வரும்போது பேய் இருந்த சுவடே இல்லை. சிவப்புப் புள்ளி மட்டும் நட்சத்திரங்களோடு நகர்ந்தபடி, மங்காமல் அப்படியே இருந்தது. முதல் படத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணன், படங்களில் பேய்களைத் தேடி அழிக்கிற தன் பழைய ப்ரோகிராமைத் திறந்து வரி வரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பேயக் கருவியோட கட்டிப் போடணும். நான் வானத்தோட கட்டிட்டேன். அதான் ஒன்பது படத்துலயும் அந்த இடத்தையே வழிச்சுப் போட்டிருக்கு."

பழைய படத்திலிருந்து புதிய படத்துக்குப் புள்ளி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தார்கள். முக்கால் பிக்சலுக்கு ஒரு நூல் குறைவு, மேகம் போகிற அதே பக்கம்.

"முக்கால்! அண்ணா, முக்கால்!" என்று குதித்தவள், அவர் முகத்தைப் பார்த்து அடங்கினாள். "மத்த எட்டையும் நீ ஏன் பாக்கல?"

"முதல் படத்துலயே நிச்சயமா தெரிஞ்சுது. நிச்சயமா தெரிஞ்சப்புறம் யாரு பாப்பா? நீ வந்து அந்த இடத்தச் சொன்னியே, அன்னைக்குத்தான் சந்தேகமே வந்துது. திறந்து பாக்கப் பயந்துட்டேன்டி."

"அதுக்கு மூணு வாரம் என்னை நாயா அலைய விடுவியா?" என்று எரிந்து விழுந்தாள். கோபம் நிஜம்தான். அவரை அப்படியே அணைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்ததும் நிஜம்தான்.

மணி நாலரை. அவர் மேஜையிலேயே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினாள். கடைசியில் ஒரு கேள்வி: முந்தைய ஆய்வில் இது ஏன் அகப்படவில்லை? விரல்கள் முதன்முறையாகத் தயங்கின. 'முந்தைய கருவியின் குறைபாடு காரணமாக' என்று அடித்தாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அண்ணனைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். "என்ன இது?"

"பேய் கருவியோட குறைதானே அண்ணா?"

"கருவி ஒழுங்கா வேலை செஞ்சுது. அது மேல ஏன் பழியப் போடற? தள்ளு."

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, அவள் வரியை அழித்தார். 'கருவி இதைப் பதிவு செய்திருந்தது. ஆய்வாளர் முதல் படத்தோடு நிறுத்திக்கொண்டார். பத்து மடங்கு என்ற அடிமட்டம் செல்லாது' என்று அடித்து, அந்த ஆய்வாளர் யார் என்று தன் முழுப் பெயரையும் போட்டார்.

அவளுக்குக் கண் பொங்கிவிட்டது. "செல்லாதுன்னு வேண்டாம் அண்ணா. மறுபரிசீலனைன்னு ஏதாவது..."

"செல்லாதத செல்லாதுன்னுதான் சொல்லணும். அழாதே, கீபோர்டுல விழுது. அனுப்பு, மணியாகுது."

அனுப்பினாள். அண்ணன் அதற்குள் ப்ரோகிராம் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்.

"இது மொத்தம் முன்னூத்திப் பன்னெண்டு இடத்துல ஓட்டை போட்டிருக்குடி. ஒவ்வொண்ணுக்கும் ஒன்பது படம்." நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "இந்தத் தடவை ஒன்பதையும் பாக்கறேன்."