ஏழாவது கல்லின் அரைச் சங்கு

மார்ச் மாதம் பதினேழாம் நாள், திங்கட்கிழமை. புதிய நூலகத்தின் வாசிப்புக் கூடத்தில் நாற்பத்தொரு சுண்ணாம்புக் கற்களின்மேல் சிவப்புச் சாக்கட்டியால் பெருக்கற்குறி போட்டிருந்தார்கள். விரிசலாம். அந்தத் தளத்தை நான்கு மாதம் முழங்காலிட்டுப் பதித்துத் தேய்த்த மெருகுக்காரியை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல் உடைக்கும் இயந்திரம் ஏற்கெனவே வந்து சுவரில் சாய்ந்திருந்தது. பத்து மணிக்கு உடைப்பு. தளம் போனால் போகட்டும், விரிசலை மறைத்தவள் என்ற பெயர் அவளுக்கு முன்பாகவே ஒவ்வொரு கட்டடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மறைத்ததுபோலத்தான் இருந்தது. பார்வையிட வருகிறார்கள் என்றதும் அவளுடைய கொழுந்தன், கற்களில் ஓடிய கறுப்புக் கோடுகளின்மேல் பளபளப்பான பசையை இழுத்துவிட்டிருந்தான். பார்த்தும் பேசாமல் இருந்தது அவள் தவறு.

"விரிசல் இல்லேன்னா எதுக்கும்மா பசை?" என்றார் குறி போடச் சொன்ன பொறியாளர்.

"அழகா இருக்கும்னு இவன் பூசிட்டான் சார்."

"அழகுக்கு யாரும் கட்டுப் போடறதில்ல."

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் மீந்திருந்த ஒரு கல்லை நிமிர்த்தித் தட்டினாள். அதிலும் அதே கறுப்புக் கோடு ஓடியது. "கேளுங்க சார். விரிசல் விட்ட கல்லு ஓட்டச் சட்டி மாதிரி பேசும். இது கணீர்னு பேசுது."

"சத்தத்த எப்படிம்மா அறிக்கையில ஒட்டறது?"

கூடத்துக் கடிகாரத்தில் மணி ஒன்பது பத்து. நடுவரிசையின் ஏழாவது கல் அவளுக்கு நினைவுக்கு வந்தது. மெருகிடும்போது அதில் ஒரு சங்கு எட்டிப் பார்த்ததும், அதன்மேல் பசை விழுந்ததும் நினைவுக்கு வந்தன. "பத்து மணி வரைக்கும் தளம் என்னோடதுதானே சார்," என்று சொல்லிவிட்டு, தன் மெருகு இயந்திரத்தை அதன்மேல் ஓட்டினாள். பால்போன்ற கரைசல் வழிந்தது. பசை சுரண்டப்பட்டுப் போயிற்று. நீரை வழித்துத் தள்ளியபோது, ரம்பப் பல்போல ஏறியிறங்கிய கோட்டின்மேல் உள்ளங்கையளவுச் சுருள்சங்கு ஒன்று தெரிந்தது. மேலே பாதி. கீழே வெறும் கல்.

"உடைஞ்ச தட்டோட ரெண்டு துண்டையும் சேத்து வெச்சா, அதுல இருக்கற பூ ஒண்ணு சேரும்ல சார்? இது விரிசல்னா, இந்தச் சங்கச் சேத்துக் காட்டுங்க."

பொறியாளர் முழங்காலிட்டார். ஒரு காகிதத்தில் கோட்டின் இரு பக்கங்களையும் படியெடுத்து, கிழித்து, மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். சேரவில்லை. "மறுபாதி எங்கம்மா?" அன்று காலையில் அவர் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அது.

"கரைஞ்சிருக்கணும் சார். ஈரமான சர்க்கரைக் கட்டிய ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு அழுத்துங்க. தொடற எடந்தான் மொதல்ல கரையும்."

"கல்லு சர்க்கரையா?"

வாசலில் நின்றிருந்த நூலகர் அம்மாள் திரும்பிப் போனார். இன்னும் அடுக்கப்படாத பெட்டிகளைக் கிளறி கற்களைப் பற்றிய ஒரு தடித்த நூலுடன் வந்து, ஈரத்தளத்தில் சேலை நனைய உட்கார்ந்து, பக்கத்தைத் திறந்தார். அந்தக் கூடத்தில் திறக்கப்பட்ட முதல் புத்தகம் அது. படத்தில் அதே ரம்பப் பல் கோடு.

அவர் வாசிக்க வாசிக்க, மெருகுக்காரி தன் கையடியில் இருந்ததைக் கண்டாள். ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடல். இறந்த சங்குகளும் சிப்பிகளும் சுண்ணச் சேற்றில் படிகின்றன. அவற்றின்மேல் அடுக்கடுக்காக மேலும் சேறு. இடுக்குகளில் ஊறிய நீர் சுண்ணத்தை விட்டுச் செல்ல, துகளோடு துகள் ஒட்டிச் சேறு கல்லாகிறது. சுமை ஏறிக்கொண்டே போகிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் கல் கரைகிறது. சங்கும் பாதி கரைகிறது. கரைந்த சுண்ணம் பக்கத்து இடைவெளிகளை நிரப்பி இறுக்குகிறது. கரைய மறுத்த களிமண் மட்டும் கறுப்புக் கோடாகத் தங்குகிறது. பிறகு கடலடி மெல்ல மெல்ல எழுந்து நிலமாகிறது. நான்கு மாதமாக முழங்காலில் குத்தியது இத்தனை பெரிய கதையா?

"மத்த நாப்பதையும் காட்டுங்க," என்றார் பொறியாளர். குரலில் அதட்டல் இல்லை.

காட்டினாள். யாரும் சொல்லாமலே கொழுந்தன் தண்ணீர் ஊற்றினான். ஒவ்வொரு கல்லிலும் கோட்டின் குறுக்கே ஏதோ ஒன்று பாதியோடு நின்றது: சிப்பியின் விளிம்பு, பூப்போன்ற ஒரு கடலுயிரின் தண்டு. உடைக்க வந்தவர்களும் இயந்திரத்தை மறந்து குனிந்து எண்ணத் தொடங்கினார்கள். முப்பத்திரண்டாவது கல்லில் அவள் கை நின்றது. கோடு நேராக ஓடியது. சிப்பியின் இரு பாதிகளும் அச்சாகப் பொருந்தின.

"அண்ணி, சும்மா இருங்க," என்று கிசுகிசுத்தான் கொழுந்தன்.

அவள் சாக்கட்டியை வாங்கி, அழிந்திருந்த குறியைத் தானே மறுபடி போட்டாள். "இது விரிசல்தான் சார். நான் பதிச்சது. நானே மாத்தறேன்."

பொறியாளர் அறிக்கையில் நாற்பத்தொன்று என்பதை அடித்து, ஒன்று என்று எழுதினார். எழுதியதை அவளிடம் நீட்டி, "சரியா இருக்காம்மா?" என்று கேட்டார். பத்து மணிக்கு உடைக்கும் இயந்திரம் அதிர்ந்தது, ஒரே ஒரு கல்லுக்காக.

அன்பரே, அந்த நூலகத்துக்குப் போனால் அலமாரிக்கு விரையாதீர். நடுவரிசையில் ஏழாவது கல்லருகே குனியும். சன்னல் வெயிலில் ஈரம்போல மின்னும் அரைச் சங்கின்மேல் விரலை வைத்து, கோட்டைக் கடந்து இழுத்துப் பாரும். நகத்தில் எதுவும் தட்டாது. பிறகு நீர் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், தளம் போட்டவளை ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கல்லின்மேலும் குறி போடாதீர்.